தோளில் சுமக்கும் வீடு

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன. ஊரில் வாழ்வோர் இம்மூன்றனுள் உறையுளைப் பற்றி நாள்தோறும் எண்ணுவதில்லை. கட்டிய வீடு கட்டிய இடத்திலேயே நிற்கின்றது. ஆயின், ஊரும் சாலையும் இல்லாத காட்டிலும் மலையிலும் பல நாள் நடந்து செல்வோர்க்கு அந்நிலை இல்லை. மாலைதோறும் அவர்கள் ஒரு வீடு எடுத்தல் வேண்டும். காலைதோறும் அதனைப் பிரித்துத் தோளில் ஏற்றுதல் வேண்டும். நத்தை தன் கூட்டைத் தானே சுமந்து செல்வதைப் போன்றது அவர்தம் செலவு.

சுமக்கும் வீடு கனமாயின் கால் தளரும். காப்பின்றி மிக மெல்லியதாயின் மழையும் காற்றும் உயிரை வருத்தும். இவ்விரண்டிற்கும் இடையே தக்கதொன்றைத் தெரிந்தெடுத்தல் எளிதன்று. இதனை நன்கு விளக்குவது மூதாட்டி ஒருவரின் வரலாறு.

அமெரிக்க நாட்டின் கிழக்குப் பகுதியில் அப்பலாச்சிய மலைத்தொடர் நீண்டு கிடக்கின்றது. அம்மலைகளின் வழியே கால்நடையாய்ச் செல்வதற்கு ஒரு நெடுவழி வேண்டும் என்று பெண்டன் மெக்கே என்பார் 1921-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். 1937-ஆம் ஆண்டில் அவ்வழி முற்றுப்பெற்றது. தெற்கே ஜார்ஜியா முதல் வடக்கே மெய்ன் வரை, பதினான்கு மாநிலங்களை ஊடுருவி அது செல்கின்றது. நடப்போர் இரவில் தங்குவதற்கென, மூன்று புறம் சுவரும் ஒரு புறம் திறப்பும் உடைய சிறு குடில்கள் அவ்வழியில் ஆங்காங்கு உள்ளன.

ஒகையோ மாநிலத்தில் 1887-ஆம் ஆண்டில் பிறந்தவர் எம்மா கேட்வுட் அம்மையார். அவர் வயலிலும் வீட்டிலும் ஓயாது உழைத்தவர். பதினொரு மக்களைப் பெற்று வளர்த்தவர். கணவனின் கொடுமையைப் பல்லாண்டு பொறுத்து, இறுதியில் மணவிலக்குப் பெற்றவர். இதழொன்றில் அந்நெடுவழியைப் பற்றிப் படித்த நாள்முதல், அதனை முழுதும் நடந்து காண வேண்டும் என்னும் வேட்கை அவர் உள்ளத்தில் வேரூன்றியது. 1954-ஆம் ஆண்டில் அவர் வடமுனையினின்று புறப்பட்டார். சில நாளில் வழி தவறினார். மூக்குக் கண்ணாடியும் உடைந்தது. காட்டுக் காவலர் வீடு திரும்புமாறு அவருக்கு அறிவுறுத்தினர். அவரும் திரும்பினார், ஆயினும், கொண்ட எண்ணத்தைக் கைவிட்டாரல்லர்.

அடுத்த ஆண்டு மே திங்கள் 3-ஆம் நாள், தம் 67-ஆம் அகவையில், அந்நாளில் தென்முனையாக இருந்த ஓகிள்தார்ப்பு மலையினின்று அவர் தனியே நடக்கத் தொடங்கினார். முரட்டுத் துணியால் தம் கையாலேயே தைத்த பையொன்று அவர் தோளில் தொங்கியது. அதனுள் ஒரு கம்பளி, ஒரு மழையங்கி, சிறிது உணவு, சில சில்லறைப் பொருள்கள் ஆகியவையே இருந்தன. காலில் அணிந்தவையும் எளிய துணிக் காலணிகளே. கூடாரம் அவரிடம் இல்லை. அதற்கு மாறாக அவர் எடுத்துச் சென்றது, குளியலறையில் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரை ஒன்றேயாம்.

குடில்களை நம்பிச் சென்றவர்க்கு ஏமாற்றம் காத்திருந்தது. சில குடில்கள் எரிந்து கிடந்தன. சில காற்றில் வீழ்ந்து கிடந்தன. வேறு சில அழுக்கு மண்டிக் கிடந்தமையால் வெளியே படுத்தலே மேல் எனத் தோன்றின. அந்நாளில் அவர் உதிர்ந்த இலைகளைக் குவித்து அவற்றின்மேல் படுத்தார். குளிர் மிக்க இரவுகளில் தட்டையான கற்களை நெருப்பில் காய்ச்சி, அவற்றின் சூட்டில் உறங்கினார். வழியோர வீடுகளை நாடியபோது சிலர் இடம் தந்தனர், சிலர் மறுத்தனர். ஆகஸ்டுத் திங்களில் இருபெரும் புயல்கள் வடகிழக்கு மாநிலங்களில் பெருவெள்ளத்தை விளைத்தன. அம்மழைக் காலத்தையும் அவர் கடந்து நடந்தார். செப்டம்பர்த் திங்கள் 25-ஆம் நாள், 146 நாள் நடைக்குப் பின், மெய்ன் மாநிலத்துக் கட்டாடின் மலையின் உச்சியை அடைந்தார். அவர் நடந்த தொலைவு ஏறத்தாழ 2,050 மைல். அந்நெடுவழி முழுவதையும் ஒரே பருவத்தில் தனியே நடந்து முடித்த முதற் பெண்மணி அவரே. 1957-ஆம் ஆண்டில் மீண்டும் ஒருமுறை நடந்தார். மூன்றாம் முறை பகுதி பகுதியாக நடந்து 1964-ஆம் ஆண்டில் முடித்தார்.

இதனைக் கேட்போர், 'திரை ஒன்றே போதுமாயின் கூடாரம் எதற்கு?' என்று வினவக்கூடும். அங்ஙனம் முடிவு செய்தல் பிழையாகும். எந்த இலை மெத்தையாகும், எந்தக் கல் சூட்டைத் தாங்கும் என்பனவற்றை அவர் அறிந்திருந்தார். துன்பத்திற்கு அஞ்சாத உள்ளமும், உழைத்து உரமேறிய உடம்பும் அவருக்கு இருந்தன. பொருளிற் குறைந்ததை அவர் அறிவினாலும் உறுதியினாலும் நிரப்பினார். அவ்விரண்டும் இல்லாதார் திரையை மட்டும் எடுத்துச் செல்வாராயின், முதல் மழையிலேயே இடர்ப்படுவர். நீர் உறையும் குளிர்தான் கொல்லும் என்பதில்லை. அத்துணைக் குளிரில்லாத நாளிலும், நனைந்த உடம்பின்மேல் காற்று இடையறாது வீசுமாயின், உடற்சூடு குறைந்து உயிர்க்கே இறுதி நேரும்.

சுமையைக் குறைக்கும் முயற்சி இன்று நேற்றுத் தோன்றியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மம்மரி என்னும் ஆங்கில மலையேறி மெல்லிய பட்டினால் ஒரு சிறு கூடாரம் அமைத்தார். அதற்கெனக் கழிகளைச் சுமக்காமல், ஏறுவதற்குக் கொண்டு சென்ற பனிக்கோடரிகளையே கழிகளாக நாட்டினார். ஒரு பொருள் இரு தொழில் செய்யுமாயின் ஒரு சுமை குறையும் என்பது அவர் கண்ட நுட்பம். தாமசு ஹைரம் ஹோல்டிங் என்னும் தையற்காரர் மிதிவண்டியில் ஏற்றிச் செல்லத்தக்க மெல்லிய கூடாரங்களைத் தைத்து, 1908-ஆம் ஆண்டில் முகாம் வாழ்க்கை பற்றி ஒரு கையேடும் எழுதினார். இக்காலத்தும் நடைக்கோல்களையே கழிகளாகக் கொண்டு நிற்கும் கூடாரங்கள் பல உள்ளன.

இன்று கிடைக்கும் உறையுள்கள் பல வகைப்படும். இரண்டு அடுக்குத் துணியுடைய கூடாரம் கனம் மிக்கது; ஆயினும், குறைந்த பழக்கம் உடையார்க்கும் அது நல்ல காப்பாகும். உறங்குவோர் மூச்சில் உள்ள ஈரம், குளிர்ந்த துணியில் பட்டு நீர்த்துளியாய்ப் படியும். இரண்டு அடுக்காயின் அந்நீர் வெளித்துணியில் தங்கிவிடும். ஓரடுக்காயின் உள்ளிருப்போர்மேல் சொட்டும். ஆதலின், ஓரடுக்குக் கூடாரத்தில் காற்றோட்டம் மிகுதியும் வேண்டும். கயிற்றால் இழுத்துக் கட்டும் தார்ப்பாய் வகை மிக மெல்லியது, காற்றோட்டமும் உடையது. ஆயின், கொசுவையும் சாய்ந்து அடிக்கும் மழையையும் அது தடுக்காது. கல்லும் சரிவும் நிறைந்த காட்டில், இரு மரங்களுக்கு இடையே கட்டும் தூளி போன்ற படுக்கை நன்று. மரமில்லா மலையுச்சியில் அதனாற் பயனில்லை. குளிர்காற்று முதுகின் அடியில் புகுவதும் அதன் குறை. துணியின் இயல்பையும் அறிதல் வேண்டும். நைலான் துணி ஈரம் பட்டால் நெகிழும். மழை இரவில் எழுந்து கயிறுகளை இறுக்கத் தெரியாதார்க்கு அது தொங்கி முகத்தில் படியும்.

எத்துணைச் சிறந்த கூடாரமாயினும், இடம் பிழைத்தால் பயன்படாது. வறண்ட ஓடைப் படுகையில் அடித்தால், மேலே எங்கோ பெய்த மழை வெள்ளமாய் வந்து அடித்துச் செல்லும். பட்ட கிளைகளின் கீழ் அடித்தால், காற்றில் அவை முறிந்து விழும். பள்ளத்தின் அடியில் குளிர்ந்த காற்று இறங்கித் தேங்கும். சற்றே மேடான, வளியை மறைக்கும் மரச்செறிவுடைய இடம் தேர்தலே அறிவுடைமை. மெல்லிய உறையுள் கொண்டாரே இதில் மிகுதியும் விழிப்புடையராதல் வேண்டும்.

ஆதலின், உறையுளைத் தெரிந்தெடுப்போர் முதலில் நிறுக்க வேண்டியது துணியை அன்று, தம்மையே ஆம். செல்லும் இடம் யாது, பருவம் யாது, தமக்குத் தெரிந்தது எவ்வளவு என்று அவர்கள் தம்மைத் தாமே வினவுதல் வேண்டும். புதிதாக வாங்கிய கூடாரத்தை, வீட்டு முற்றத்தில் ஒரு மழை இரவிலேனும் அடித்து, அதனுள் உறங்கிப் பார்த்தல் நன்று. அவ்விரவில் தவறு நேரின் கதவைத் திறந்து வீட்டினுள் புகலாம். மலையில் அக்கதவு இல்லை.

கேட்வுட் அம்மையார் 1973-ஆம் ஆண்டில் தம் 85-ஆம் அகவையில் மறைந்தார். அவர் பை மெல்லியது; ஆயின், அவர் அறிந்தவை மிகப் பல. அறிவுக்கு எடை இல்லை. எவ்வளவு ஏற்றினும் தோள் நோவாத சுமை அது ஒன்றேயன்றோ?