பட்டியலில் நம் பெயர்

ஸ்காலர்ஷிப் பணம் வருகிறதோ இல்லையோ, ஸ்காலர்ஷிப் பட்டியல் தவறாமல் வந்துவிடும். நாங்கள் படித்த கல்லூரியில் அலுவலக வாசலில் ஒட்டுவார்கள். பெயர், துறை, சாதி, அப்பாவின் வருமானம், வங்கிக் கணக்கு எண் எல்லாம் அதில் இருக்கும். இப்போது அதுவே பிடிஎஃப் ஆகி வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு வருகிறது. சுவரில் ஒட்டியதையாவது மழை அழிக்கும்.

பட்டியல் ஒட்டிய மறுநாள், எங்களில் ஒருவரோடு அதுவரை ஒரே தட்டில் சாப்பிட்ட அறைத்தோழன் வேறு அறை கேட்டு எழுதிக் கொடுத்தான். காரணம் என்ற இடத்தில் 'படிக்க இடைஞ்சல்' என்று இருந்தது.

"சாதியைச் சொல்ல வெட்கமா?" என்று தோழர்களே கேட்கிறார்கள். வெட்கமில்லை. ஜெய் பீம் என்று சட்டையில் போட்டுக்கொண்டு நடப்பவர்கள்தான் நாங்கள். நாங்களாகச் சொல்வது வேறு, அலுவலகம் எங்களைக் கேட்காமல் ஒட்டுவது வேறு.

சட்டம் என்ன சொல்கிறது? மாணவரின் சாதியை வகுப்பில் அறிவிக்கக் கூடாது, இடஒதுக்கீட்டு மாணவர் என்று முத்திரை குத்தக் கூடாது என்று யுஜிசியின் 2012 சமத்துவ விதிமுறைகள் சொல்லின. ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2011 விதிகள் கடவுச்சொல், வங்கி விவரம், மருத்துவக் குறிப்பு ஆகியவற்றை 'உணர்திறன் மிக்க தகவல்' என்றன, சாதியைச் சேர்க்கவில்லை. 2018இல் ஸ்ரீகிருஷ்ணா குழுவின் வரைவு மசோதா சாதியையும் பழங்குடி அடையாளத்தையும் அந்த வகையில் சேர்த்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அந்த வகையே காணோம். கடவுச்சொல்லை ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம், சாதியை எப்படி மாற்றுவது?

இன்னொரு பக்கமும் உண்டு, அதில் ஏமாந்துவிடாதீர்கள். அதே 2023 சட்டத்தின் 44(3) பிரிவு, தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையே மாற்றி எழுதுகிறது. எத்தனை எஸ்சி, எஸ்டி பேராசிரியர் இடங்கள் காலி, எத்தனை பிஎச்டி இடங்கள் நிரப்பப்படவில்லை என்று நாம் கேட்டால் 'தனிப்பட்ட தகவல்' என்று கைவிரிக்க அவர்களுக்கு இது வசதி. காலியிடத்துக்கு ஏது சாதிச் சான்றிதழ்? எண்ணிக்கை பொதுச்சொத்து, பெயர்தான் நம்முடையது. மனு எழுதும்போது இந்த வேறுபாட்டை முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

பட்டியலில் விண்ணப்ப எண் மட்டும் போதும். குறை இருந்தால் மாணவரைத் தனியே அழைத்துச் சொல்லட்டும். வகுப்புப் பிரதிநிதியிடம் சாதிச் சான்றிதழ் நகலைக் கொடுக்காதீர்கள்; அலுவலகத்திலேயே கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

எங்கள் மனுவுக்குப் பிறகு ஒரு கல்லூரியில் பட்டியல் மாறியிருக்கிறது. பெயரில்லை, சாதியில்லை, விண்ணப்ப எண்ணும் நிலையும் மட்டும். பெரும்பாலான எண்களுக்கு நேரே 'நிலுவை' என்று இருக்கிறது. அடுத்த மனு அதற்குத்தான்.