பகல் தூக்கம் சோம்பல் அல்ல

எங்கள் நாகரசம்பட்டியில் விடியும்போது பால் கறக்க எழுகிறவர்கள் உண்டு. அதே நேரத்தில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கிப் படுக்கப் போகிற பிள்ளைகளும் இப்போது உண்டு. போச்சம்பள்ளி சிப்காட், பர்கூர், ஓசூர் என்று வேலைக்குப் போகிற தலைமுறை இது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பெண்களுக்கு இரவு வேலையைத் தடுத்திருந்தது. தக்க பாதுகாப்போடு அவர்கள் வேலை செய்யலாம் என்று 2000-இல் சென்னை உயர் நீதிமன்றம் வழி திறந்தது. பெண் பிள்ளைகள் சம்பாதித்து, சின்ன வயதுக் கல்யாணப் பேச்சைத் தள்ளிவைக்கிற தெம்பு பெற்றிருப்பதில் எனக்குப் பெரிய நிறைவு. அந்தப் பிள்ளைகளின் உடம்பை நாம் பார்த்துக்கொள்கிறோமா என்பதுதான் என் கவலை.

நைட் ஷிஃப்ட் முடித்து வந்த மருமகள் எட்டு மணிக்குப் படுக்கிறாள். ஒன்பதுக்கு மிக்ஸி ஓடுகிறது. பத்துக்குக் குழு லோன் வசூலுக்கு ஆள் வந்து கதவைத் தட்டுகிறார். பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "இன்னுமா தூங்கறா உங்க மருமக?" என்கிறார். மாமியாருக்கு வெட்கமாகிவிடுகிறது, எழுப்பிவிடுகிறார். அப்புறம் துணி, சமையல், பிள்ளையின் வீட்டுப்பாடம், மறுபடி பஸ். மகன் தூங்கினால் "பாவம், உழைச்சுட்டு வந்திருக்கான்" என்கிறோம். மருமகளுக்கு மட்டும் அந்தப் பாவம் பார்ப்பதில்லை. இது அநியாயம்.

நாங்களும் ராத்திரி விழித்தவர்கள்தான். மூணு ஃபேஸ் கரண்ட் வருகிற நேரம் பார்த்து மோட்டார் போட எழுந்திருக்கிறோம். போட்டுவிட்டு வந்து படுத்தும்விட்டோம். இரவு முழுக்க விளக்கு வெளிச்சத்தில் நின்று வேலை செய்வது வேறு. உடம்புக்குள் இருக்கிற கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்தே நேரத்தைத் திருத்திக்கொள்கிறது. அது எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த ஹால், ரோஸ்பாஷ், யங் என்ற விஞ்ஞானிகள் மூவருக்கும் 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. நடுராத்திரியில் சாப்பிட்டால் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை உடம்பு பகலைப்போலச் சமாளிப்பதில்லை. வருடக்கணக்கில் இரவு வேலை செய்கிறவர்களுக்குச் சர்க்கரை நோயும் இதய நோயும் கூடுதலாக வருகின்றன.

அதனால் ஷிஃப்டுக்குக் கிளம்புமுன் வீட்டிலேயே வயிறாரச் சாப்பிடட்டும். களியும் கீரையும் நம் ஊரில் கிடைக்காத பொருளா? தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல், 53 சதவீதம் பேருக்கு, ரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. இரவெல்லாம் டீயும் பிஸ்கட்டும் அந்தக் குறையைத் தீர்க்காது. படுக்கிற அறை ஜன்னலுக்குக் கெட்டித் துணி தொங்கவிடுங்கள். ஏழு மணி நேரமாவது யாரும் எழுப்ப வேண்டாம்.

தூக்கம் ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் வேண்டியதல்ல; பிளஸ் டூ படிக்கிற பிள்ளைக்கும் எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். அந்த வயதில் தூக்கம் தாமதமாக வருவது உடம்பின் இயல்பு; திட்டிப் பயனில்லை. செல்போனை மட்டும் படுக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

வீடு தேடி வந்து உடம்பைப் பார்க்கிற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அந்தத் திட்டத்தின் பணியாளர் வீட்டுக்கு வரும்போது கிழவர்களான எங்களுக்கு மட்டும் பிரஷர் பார்த்து அனுப்பிவிடாதீர்கள். ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்கும் பார்க்கச் சொல்லுங்கள். மாமியார்மார்களே, இனி யார் வந்து கேட்டாலும், "ராத்திரியெல்லாம் வேலை செஞ்சுட்டு வந்தவ, தூங்கட்டும்" என்று வாசலிலேயே சொல்லி அனுப்புங்கள்.