ஒரு சாண் தண்ணீர்

குளிர்காலத்துக்காகப் பெங்களூருக்கு வரும் பறவைகளில் முந்திக்கொள்வது சாம்பல் வாலாட்டி. இமயமலை ஓடைகளில் குஞ்சு பொரித்துவிட்டு ஆவணி, புரட்டாசிக்குள் இங்கே இறங்கிவிடும். ஓடுகிற தண்ணீர் இருந்தால் போதும், அது சாக்கடையாக இருந்தாலும் சரி. பொம்மனஹள்ளியில் ராஜகாலுவே என்கிற பெரிய வடிகாலின் சிமெண்ட் விளிம்பில் ஒன்றைப் பார்த்தேன். முதுகு சாம்பல், வயிறு மஞ்சள். நீண்ட வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே பூச்சியைக் கொத்திக்கொண்டிருந்தது. மேலே மெட்ரோ போனபோது தலையைக்கூடத் தூக்கவில்லை.

இந்த ஊரைவிட்டு நான் போய் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்பா கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து ஓசூர் ரோட்டுத் தொழிற்சாலை ஒன்றுக்கு வேலைக்கு வந்தவர். எங்கள் வட்டாரத்தில் பாதி வீடுகளில் தமிழ், மீதி வீடுகளில் கன்னடமும் தெலுங்கும். நடுநடுவே நான் வந்துபோனதெல்லாம் சாவுக்கும் கல்யாணத்துக்கும்தான். இந்த முறை வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டு, புரட்டாசியிலிருந்து தை முடியும்வரை இருப்பதென்று வந்தேன். ஊர் மாறிய கதையைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். 2007-ல் பொம்மனஹள்ளி நகரசபை பெங்களூரு மாநகராட்சியோடு சேர்ந்தது. 2010-ல் சில்க் போர்டிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிவரை மேம்பாலச் சாலை வந்தது. 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்தது, பொம்மனஹள்ளி என்ற பெயரிலேயே ஒரு நிலையம். நான் வந்தது இதையெல்லாம் பார்க்க இல்லை. பக்கத்து மடிவாளா ஏரியில் வாத்து இருக்கிறதா என்று பார்க்க வந்தேன்.

சின்ன வயதில் மார்கழி, தை மாதங்களில் அந்த ஏரியின் பின்கோடியில் வாத்துகள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். சைக்கிளை வரப்பில் சாய்த்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்போம். பேரெல்லாம் தெரியாது. தட்டையான அலகை நீரில் வைத்துச் சீய்த்துக்கொண்டே போகிற ஒன்று, வால் ஊசிபோல் நீண்ட ஒன்று, கண்ணுக்கு மேல் வெள்ளைப் பட்டை போட்ட ஒன்று. தட்டைவாயன், ஊசிவால் வாத்து, நீலச்சிறகி என்று பின்னால் தெரிந்துகொண்டேன், அதுவும் வேறொரு நாட்டில்.

நான் இருப்பது இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், வாஷ் என்கிற பெரிய விரிகுடாவுக்கு அருகே உள்ள கிங்ஸ் லின் என்னும் ஊரில். அங்கே இலையுதிர் காலம் வந்தால் ஐஸ்லாந்திலிருந்தும் கிரீன்லாந்திலிருந்தும் காட்டு வாத்துகள் வரிசை வரிசையாக வரும். கடல் உள்வாங்கும்போது மைல் கணக்கில் சேறு தெரியும். அந்தச் சேற்றில் உள்ளான்கள் மேயும். பெரிய ஏற்றத்தின்போது சேறு முழுவதும் முழுகிவிடும். அப்போது பல்லாயிரம் பறவைகள் ஒரே வீச்சில் எழும்பி, ஸ்நெட்டிஷம் என்ற இடத்தில் கரைக்குப் பின்னால் உள்ள குட்டைகளில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அதைப் பார்க்க இருட்டோடு கிளம்பி வருகிற கூட்டத்தில் நானும் ஒருவனாகிவிட்டேன். சேற்றைச் சொத்தாக நினைக்கிற ஊர் அது. தட்டைவாயன் அங்கேயும் குளிர்காலத்துக்கு வரும். அங்கே அதைப் பார்க்கும்போதெல்லாம், இதன் பங்காளிகள் இந்நேரம் மடிவாளாவில் இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

இறங்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று ஏரிக்கரைக்குப் போய்வந்துகொண்டே இருந்தேன். ஒரு வாத்துக்கூடக் கண்ணில் படவில்லை.

ஆனால் ஏரி காலியாக இல்லை. முன்பு நான் அரிதாகப் பார்த்த கூழைக்கடா இன்றைக்கு அங்கே சாதாரணப் பறவை. உலக அளவில் அருகும் நிலைக்குப் பக்கத்தில் இருப்பதாகப் பட்டியலிடப்பட்ட இனம் அது. மாண்டியா மாவட்டத்துக் கொக்கரெபெள்ளூரில் வீட்டு மரங்களில் கூடு கட்டுகிறது. ஊர்க்காரர்கள் அதைத் தங்கள் வீட்டுப் பெண்ணாகப் பார்த்துக்கொள்வதால் 2007-ல் அந்த ஊர் சமூகக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. மடிவாளாவில் ஒரு காலை, கரையிலிருந்து கல்லெறி தூரத்தில் ஒன்று மீன் பிடித்ததைப் பார்த்தேன். மேல் அலகின் ஓரம் முழுக்கக் கரும்பொட்டுகள். சத்தமில்லாமல் நீந்தி வந்து சட்டென்று தலையை முக்கியது. தாடைப்பை நீரால் உப்பிக்கொண்டது. உடனே விழுங்கவில்லை. அலகை நெஞ்சோடு சேர்த்து அழுத்தி, ஓரத்தில் நீரை ஒழுகவிட்டுக்கொண்டே நின்றது. பைக்குள் மீன் துள்ளுவது தோல்வழியே தெரிந்தது. நீர் வடிந்ததும் தலையை வானத்துக்குத் தூக்கி ஒரே விழுங்கு. பக்கத்தில் நீர்க்காகங்கள் வரிசையாகச் சிறகை விரித்துக் காயப்போட்டிருந்தன. ஆகாயத்தாமரைமேல் நீலத் தாழைக்கோழிகள் நீண்ட விரல்களை எடுத்து எடுத்து வைத்து நடந்தன. சாம்பல் நாரை, இராக்கொக்கு, நாமக்கோழி, முக்குளிப்பான், தலைக்குமேல் செம்பருந்து. ஏரி செழிப்பாக இருக்கிறது என்று யாரும் சொல்லிவிடுவார்கள்.

கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அரூர்ப் பக்கத்துக்காரர், வந்து முப்பது வருஷமாகிறதாம். வலையில் ஜிலேபிக் கெண்டை.

"அண்ணே, வாத்து வருதா இப்பல்லாம்?"

"எங்க தம்பி வருது. வந்தாலும் எங்க நிக்கும்? காலு வெச்சா முங்குது. ஏரிக்கு ஏரி தூரு வாரறேன்னு சுத்தியும் பள்ளமா தோண்டிட்டாங்க. கூழைக்கடாவுக்கு அது சரி. அதுக்கு மீனுதான வேணும்."

புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதை அவர் வலையைப் பிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

பெங்களூரின் பழைய ஏரிகளெல்லாம் முறம் மாதிரி. தாழ்ந்த பக்கம் மட்டும் உயரமான கரை, மதகு, கலிங்கு. எதிர்ப்பக்கம் விளிம்பே கிடையாது. நிலத்தோடு நிலமாகச் சரிந்து வயலில் போய்க் கரையும். ஐப்பசி மழையில் நிறையும் ஏரி மார்கழியிலிருந்து பாசனத்துக்கும் வெயிலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கும். பின்வாங்கப் பின்வாங்க, நேற்றுவரை நீரில் கிடந்த சேறு இன்றைக்கு வெளியே வரும். பறவைகளுக்கு அது தினம் ஒரு புதுப் பந்தி. கொசு உள்ளானுக்கு விரல்கடை ஆழம் வேண்டும். பொறி உள்ளானுக்குக் கொஞ்சம் கூடுதல். தலையைக் கவிழ்த்து வாலைத் தூக்கி மேய்கிற வாத்துகளுக்கு ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண். அதற்குமேல் ஆழம் போனால் கழுத்து எட்டாது. முக்குளித்து மீன் பிடிக்க அவற்றுக்குத் தெரியாது.

இரண்டு காரியங்கள் அந்த ஆழம் குறைந்த விளிம்பை இல்லாமல் செய்துவிட்டன. முதலாவது, சாக்கடை. மழை நின்றால் வற்ற வேண்டிய ஏரிக்குள் வீடுகளின் கழிவுநீர் பன்னிரண்டு மாதமும் வந்துகொண்டிருக்கிறது. சித்திரையிலும் நீர்மட்டம் இறங்குவதில்லை, சேறு வெளியே தெரிவதில்லை. ஆகாயத்தாமரைக்கு நல்ல உரம், எதையும் தாங்கும் ஜிலேபிக்கு நல்ல வாழ்வு, அதைத் தின்கிற கூழைக்கடாவுக்கும் நீர்க்காகத்துக்கும் நல்ல வேட்டை. இரண்டாவது, நல்லெண்ணத்தோடு செய்த புனரமைப்பு. ஆக்கிரமிப்பைத் தடுக்க வேண்டும் என்று சுற்றிலும் கரை எழுப்பினார்கள். கரைமேல் நடைபாதை, அதற்கு வேலி. உள்ளே மண்ணை அள்ளி ஆழமாக்கினார்கள். முறம் அண்டாவாகிவிட்டது. காலை நடைக்குப் போகிறவர்களுக்கு அது ஏரி. உள்ளானுக்கு அதில் கால் ஊன்ற இடமில்லை. இந்த நகரத்துப் பறவையியலாளர்கள் இதைப் பல வருஷமாகச் சொல்லிவருகிறார்கள்.

அவர்கள் சும்மா சொல்லவில்லை, கையில் கணக்கு வைத்துக்கொண்டு சொல்கிறார்கள். ஜோசப் ஜார்ஜ் 1970-களின் தொடக்கத்தில் இங்கே பறவை பார்ப்போர் களக் குழுவைத் தொடங்கினார். மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை லால்பாக்கில் கூடுவது அவர்கள் வழக்கம். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987-ல் தொடங்கியபின் பெங்களூரு ஏரிகளிலும் ஜனவரி தோறும் ஆட்கள் தொலைநோக்கியோடு இறங்கினார்கள். எம்.பி. கிருஷ்ணாவும் மற்றவர்களும் எழுதி, 1996-ல் கர்நாடக வனத்துறை வெளியிட்ட நூல் இந்த ஏரிகளையும் அவற்றின் பறவைகளையும் பற்றியதுதான். சம்பளத்துக்கு யாரும் அந்த வேலையைச் செய்யவில்லை. ஒரு ஊர் எதை இழந்தது என்று தெரிவதற்கே, இழப்பதற்கு முன்னால் யாராவது எண்ணி வைத்திருக்க வேண்டும். அவர்களுக்கு நான் கடன்பட்டவன்.

வாத்துகள் குறைவது தேசத்துக் கணக்கிலும் தெரிகிறது. இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2023-ல் வந்த அறிக்கை, வேகமாகக் குறைந்துவரும் பறவைகளில் தட்டைவாயன், ஊசிவால் வாத்து இரண்டையும் சேர்த்திருக்கிறது. ஆகவே எல்லாப் பழியையும் பொம்மனஹள்ளி ஏரிகள்மேல் போட முடியாது. மத்திய ஆசியாவிலிருந்து இங்கே வருகிற வழி நெடுக எங்கெங்கோ அவற்றுக்கு அடி விழுகிறது. ஆனால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வருகிற பறவைக்குக் கடைசியில் இறங்க இடமில்லை என்றால், அந்தக் கடைசி அடி நம்முடையது.

மார்கழியில் ஒருநாள் ஹொஸகோட்டே ஏரிக்குப் போனேன். நகரத்துக்குக் கிழக்கே, பின்கோடி இன்னும் வயல்பக்கம் திறந்து கிடக்கிற ஏரி. அங்கே இருந்தன. தூரத்தில், முழங்காலளவுகூட இல்லாத நீரில், முப்பது நாற்பது நீலச்சிறகிகள். நடுவே ஒரு ஜோடித் தட்டைவாயன் அலகை நீரில் வைத்துக்கொண்டு ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி வந்தது. ஒன்று கிளறியதை மற்றொன்று வடிகட்டித் தின்னும். நெடுநேரம் நின்றேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, வருத்தமாகவும் இருந்தது. இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் தூரம்தான். மடிவாளாவுக்கு வர இவற்றுக்கு அரை மணிநேரம் போதும்.

மடிவாளாத் தண்ணீர் அங்கேயே நின்றுவிடுவதில்லை. அகரா, பெள்ளந்தூர், வர்த்தூர் என்று இறங்கித் தென்பெண்ணையில் சேர்கிறது. நுரை பொங்கும் பெள்ளந்தூரை உலகமே படத்தில் பார்த்துவிட்டது. அதே நுரை ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையிலும் மிதக்கிறது. அங்கிருந்து கிருஷ்ணகிரி, சாத்தனூர், கடைசியில் கடலூரில் கடல். அப்பாவின் ஊர் நிலங்களுக்குப் பாய்கிற தண்ணீர் எங்கள் வட்டாரத்துக் குளியலறைகளைத் தொட்டுத்தான் போயிருக்கிறது என்பது இந்த வயதில்தான் எனக்கு உறைக்கிறது.

பொங்கல் விடுமுறையில், தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும் அதே நாட்களில், சில இளைஞர்களோடு மடிவாளாக் கரையில் நின்று எண்ணினேன். ஐ.டி. கம்பெனிகளில் வேலை செய்கிற பிள்ளைகள், ஒரு பெண் கார்மெண்ட்ஸ் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். பார்த்ததை உடனுக்குடன் போனில் ஈபேர்ட் என்கிற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றிவிடுகிறார்கள். குரலைக் கேட்டே பிளித் நாணல் கதிர்க்குருவி என்று சொல்லிவிட்டாள் அந்தப் பெண். சாயங்காலம் சூறைக்குருவிக் கூட்டம் ஒன்று வளைந்து வளைந்து போனதையும் எழுதிக்கொண்டோம். அவர்களிடம் ஜக்கூர் ஏரியைப் பற்றிப் பேசினேன். அங்கே கழிவுநீர் முதலில் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. பிறகு நாணலும் கோரையும் வளர்ந்த சதுப்பைத் தாண்டித்தான் ஏரிக்குள் வருகிறது. ஆக, இந்த நகரத்துக்குள்ளேயே ஆழமில்லாத ஒரு பகுதியை விட்டுவைக்க முடிந்திருக்கிறது. மடிவாளாவிலும் முழு ஏரியையும் கேட்கவில்லை. நீர் உள்ளே வருகிற மூலையில் சரிவாக மண் போட்டு, நடைபாதையை அந்த இடத்தில் மட்டும் விலக்கி, தை மாதத்தில் மதகைத் திறந்து மட்டத்தைக் கொஞ்சம் இறக்கினால் போதும்.

அந்தப் பெண் இதைக் கன்னடத்தில் மனுவாக எழுதிக்கொண்டிருக்கிறாள். மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்திருக்கிற இந்த நேரத்தில் எந்த மேஜைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஹொஸகோட்டே வாத்துகளின் படங்களையும், சின்ன வயதில் நான் நின்று பார்த்த இடத்தைக் குறித்த வரைபடத்தையும் மனுவோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். மீன்பிடிக்கிற பெரியவரும் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். மண் போடுகிற மூலையில் தன் வலைக்கு வழி விடவேண்டும் என்பது அவர் நிபந்தனை. அதையும் மனுவில் சேர்க்கச் சொன்னேன்.