11 குதிரை போட்ட தழும்பு

அக்கா மகன் காலேஜில் சேர்ந்த கையோடு ஆரம்பித்துவிட்டான். "மாமா, டியூக் 390 வாங்கித் தரச் சொல்லி அப்பாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

பயல் இதுவரை ஓட்டியது, தோப்பிலிருந்து தேங்காய் ஏற்றி வரும் டிவிஎஸ் எக்ஸ்எல் மட்டும்தான். கேட்பதோ 40 குதிரைசக்திக்கு மேல்!

1992-ல் எனக்கும் அதே வயசு. அப்பாவின் யமஹா ஆர்எக்ஸ் 100, வெறும் 11 குதிரை. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குக் கிளம்பிவிட்டேன். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்றில் எதிரே பஸ். பயத்தில் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தேன். பிடித்த பிடியில் ஆக்ஸிலேட்டரும் சேர்ந்து திருகிக்கொண்டது. வண்டி கைப்பிடிச் சுவரில் முட்டி நின்றது. முழங்கையில் தோல் போனதோடு சரி. 40 குதிரை என்றால் சுவரும் தாங்கியிருக்காது, நானும் இருந்திருக்க மாட்டேன்.

பயந்தால் கை இறுகும். புதுசாக ஓட்டுகிற எல்லோருக்கும் அப்படித்தான். அந்தத் தப்பைச் சின்ன வண்டி மன்னிக்கும். பெரிய வண்டிக்கு மன்னிக்க நேரமிருக்காது. ஐரோப்பாவில் இளவட்டங்களுக்கு முதலில் 125 சிசி, அப்புறம் 35 கிலோவாட் வரை, அதற்கப்புறம்தான் பெரிசு என்று லைசென்ஸிலேயே படி வைத்திருக்கிறார்கள். இங்கே 'கியர் உள்ள வண்டி' என்று ஒரே லைசென்ஸ். எட்டுப் போட்டுக் காட்டினால் எதில் வேண்டுமானாலும் ஏறலாம்.

"அப்ப வேண்டாங்கறீங்களா மாமா?"

"வேண்டாங்கல கண்ணு. இப்ப ஒரு 125 எடு. ஒரு மழைக்காலம் ஓட்டிப் பழகு. அப்புறம் நானே உங்கப்பன்கிட்டப் பேசறேன்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். சட்டைக் கையைச் சுருட்டி முழங்கையைக் காட்டினேன்.

"இது 11 குதிரை போட்டது."

பயல் கணக்குப் போட ஆரம்பித்தான்.