பால் காய்ச்சுறதுக்கு முன்னாடி பூட்டை மாத்துங்க

மக்களே, போன மாசம் வாடகை வீடு மாறினோம். நல்ல நேரம், பால் பாத்திரம், சாமி படம்னு தங்கமணி பெரிய லிஸ்டே போட்டிருந்தாங்க. ஓனர் ரெண்டு சாவி கொடுத்தார். "வேற யார்கிட்டயாவது சாவி இருக்கா சார்?"னு கேட்க எனக்குத் தோணலை.

மூணாம் நாள் மத்தியானம். நான் ஆபீஸ்ல. கதவுல சாவி திரும்புற சத்தம். நான்தான்னு நெனச்சு தங்கமணி எட்டிப் பார்த்தா, முன்பின் தெரியாத ஆள்! பழைய குடித்தனக்காரரோட சொந்தக்காரராம். வீடு இன்னும் காலின்னு நெனச்சு, பரண்ல விட்டுப்போன ஏணியை எடுக்க வந்திருக்கார். பாவம், அவரும் பதறிட்டார். ஆனா அன்னிக்கு ராத்திரி தாழ்ப்பாள் போட்டும் தங்கமணி தூங்கலை. குழந்தையை அணைச்சுக்கிட்டு கதவையே பார்த்துட்டு இருந்தாங்க.

மறுநாளே ஓனர்கிட்ட சொல்லிட்டு பூட்டுக்காரரைக் கூப்பிட்டேன். முழுப் பூட்டையும் மாத்த வேணாம், சாவி போடுற சிலிண்டரை மட்டும் மாத்தினாப் போதும்னார். அரை மணி நேர வேலைதான். பழைய சிலிண்டரை பத்திரமா வெச்சிருக்கேன். காலி பண்றப்ப திரும்ப மாட்டிக் கொடுத்துடலாம்.

சரி, உங்க வீட்டுச் சாவி எத்தனை பேர்கிட்ட இருக்கு? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.