கெட்டது வேறு, கெடுத்தது வேறு

ஜவ்வாது மலையில் ஒரு வண்டி காலையில் கிளம்பாமல் படுத்துக்கொண்டால், பழி முதலில் பேட்டரியின் தலையில்தான் விழும். செல்ஃப் பட்டனை அமுக்கினால் 'டக் டக்' என்று மட்டும் சத்தம் வரும்; ஹாரன் முனகும். பக்கத்தில் நிற்பவர் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார்: "பேட்டரி போயிடுச்சி. மாத்திடு." போளூரில் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக நான் தொழில் பார்த்த காலமெல்லாம், மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் வண்டியோடு இந்தத் தீர்ப்பையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள்.

பேட்டரி செத்திருக்கும் என்பது பெரும்பாலும் உண்மை. அதைக் கொன்றது யார் என்றுதான் ஒருவரும் கேட்பதில்லை.

பேட்டரி மின்சாரத்தை விளைவிப்பதில்லை. அது வீட்டிலிருக்கும் குதிர். சாமை விளைவது நிலத்தில். குதிர் வாங்கி வைத்துக் கொடுப்பதோடு சரி. வண்டியின் விளைநிலம் எஞ்சினின் பக்கவாட்டு மூடிக்குள் இருக்கிறது. எஞ்சினோடு சேர்ந்து ஒரு காந்தச் சக்கரம் சுற்றும். அதன் நடுவே செம்புக் கம்பிச் சுருள் அசையாமல் உட்கார்ந்திருக்கும். காந்தம் சுற்றச் சுற்றச் சுருளில் மின்சாரம் பிறக்கும். 1831-இல் மைக்கேல் ஃபாரடே லண்டனில் கண்டு சொன்ன விதி, இன்றைக்கும் அப்படியே நம் வண்டிக்குள் நடக்கிறது. ஆனால் அந்த மின்சாரம் முன்னும் பின்னுமாகத் திசை மாறி ஓடுவது. ஆக்சிலேட்டரை முறுக்கினால் ஏறுவது, விட்டால் இறங்குவது. அதை ஒரே திசைக்குத் திருப்பி, அளவுக்கு மேல் போகாமல் அடக்கி, பேட்டரிக்கு அனுப்பும் சின்னப் பெட்டியைத்தான் ஒர்க்ஷாப்பில் 'ஆர்.ஆர். யூனிட்' என்கிறோம். காஷ்மீரில் குல்மார்க் சரிவுகளில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிக்கொண்டு ஓடும் பனி ஸ்கூட்டரின் மூடியைக் கழற்றினாலும் உள்ளே இருப்பது காந்தமும் சுருளும்தான். ஊர் மாறலாம், குளிர் கூடலாம். பழுது ஒளிந்துகொள்ளும் இடங்கள் மாறுவதில்லை.

பேட்டரியே இல்லாத மொபெட்டுகள் மலையில் ஏறிய காலம் ஒன்று இருந்தது. சுருளில் பிறந்த மின்சாரம் நேராக விளக்குக்குப் போகும். ஏற்றத்தில் எஞ்சின் இரைந்தால் வெளிச்சம் பளீரென்று அடிக்கும். மெதுவாகப் போனால் மங்கிவிடும். அந்த வண்டிகளில் ஒரு வேடிக்கை உண்டு. முன்விளக்கு பல்பு ஃபியூஸ் போனால், கொஞ்ச தூரத்திலேயே பின்விளக்கு பல்பும் போய்விடும். முன்விளக்கு உண்டுவந்த பங்கும் சேர்ந்து பின்விளக்கின் மேல் பாய்வதுதான் காரணம். அது தெரியாதவர்கள் "மட்டமான பல்பு" என்று திட்டிவிட்டுப் புது பின்விளக்கு பல்பு மட்டும் வாங்கிப் போடுவார்கள். அதுவும் எரிந்துபோகும்.

இப்போது நிலைமை வேறு. 2017 ஏப்ரல் முதல் வந்த இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்வரை முகப்பு விளக்கு பகலிலும் எரிந்துகொண்டேயிருக்கும். அணைக்க சுவிட்ச் கிடையாது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய், மின்சாரத்தால் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை வந்துவிட்டது. பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்வதுகூட அநேகமாக நடக்காது. ஊரிலிருந்து ரேஷன் கடைவரை போக ஒரு செல்ஃப், திரும்பி வர இன்னொரு செல்ஃப் என்று குட்டிக் குட்டிப் பயணமாகவே ஓட்டினால், எடுத்ததைத் திருப்பி ஏற்ற எஞ்சினுக்கு நேரம் கிடைப்பதில்லை. மார்கழிக் குளிரில் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினையும் மந்தமாகிவிடும். விடியற்காலையில் ஜமுனாமரத்தூரில் வண்டி தள்ளுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது.

ஒரு பையனைச் சொல்ல வேண்டும். பலாப்பழமும் புளியும் கட்டிக்கொண்டு மலைக்கும் சந்தைக்கும் ஓடுகிற பிள்ளை. வந்ததும், "தாத்தா, புது பேட்டரிதான். ரெண்டு மாசம்கூட ஆகலை. அதுவும் டௌன் ஆயிடுச்சி," என்றான். அதற்கு முந்தைய பேட்டரியை ஒருவர் பார்வையாலேயே 'செத்துப்போச்சு' என்று சொல்லி மாற்றியிருக்கிறார். சாமை அறுவடையில் தருகிறேன் என்று கடன் வாங்கிப் போட்ட பேட்டரி.

மீட்டரை எடுத்துப் பேட்டரி முனைகளில் வைத்தேன். எஞ்சின் ஓடாதபோது 12.1 வோல்ட். நிறைந்த பேட்டரி 12.6-க்கு மேல் காட்ட வேண்டும். ஆகவே இது பாதிப் பசியில் இருந்தது. கிக்கரை உதைத்து எஞ்சினை எழுப்பி, ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். நல்ல வண்டியானால் அங்கே 13.5-க்கும் 14.5-க்கும் நடுவில் வர வேண்டும். இவனுடையதில் முள்ளளவும் ஏறவில்லை. அதாவது குதிரில் குறையில்லை, நிலத்திலிருந்து மூட்டையே வந்து சேரவில்லை. பிறகு சுருளிலிருந்து வரும் மூன்று மஞ்சள் வயர்களைப் பார்த்தேன். இரண்டிரண்டாக மீட்டரை வைத்தால் மூன்று ஜோடியிலும் ஒரே அளவு வந்தது. ஆக, சுருளும் காந்தமும் நல்லபடியாகவே இருந்தன. அந்த வயர்கள் ஆர்.ஆர். யூனிட்டோடு சேரும் கப்ளரைப் பிரித்தபோதுதான் திருடன் அகப்பட்டான். மலைப்பாதைக் குலுக்கலில் கப்ளருக்குள் பின் தளர்ந்து, தளர்ந்த இடத்தில் சூடு ஏறி, பிளாஸ்டிக் உருகிக் கருகிக் கிடந்தது. வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் கப்ளர் போட்டதும் மீட்டர் 14.1 காட்டியது. அந்தச் சாமானின் விலையைப் பேட்டரி விலையோடு சேர்த்துச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய கொடுமை ஒன்று உண்டு. சார்ஜ் ஏறாத வண்டியில் புது பேட்டரி போட்டால் முதல் சில நாள் வண்டி குதித்துக்கொண்டு ஓடும். மாற்றியவரும் மகிழ்வார், கொடுத்தவரும் மகிழ்வார். அரைகுறையாகவே கிடக்கும் பேட்டரியின் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகிக்கொண்டே வரும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய பலம் திரும்பாது. புதியதும் பழையது போன வழியே போகும்.

எல்லா வண்டியிலும் கப்ளர்தான் குற்றவாளி என்று நினைக்கக் கூடாது. மீட்டர் 15-க்கு மேல் காட்டினால் ஆர்.ஆர். யூனிட் அடக்க மறந்துவிட்டது என்று பொருள். பேட்டரி கொதித்து வற்றும், பல்புகள் அடிக்கடி போகும். முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றித் தேய்த்து, இறுக்கி, கொஞ்சம் வாஸ்லின் தடவினாலே பல வண்டிகள் எழுந்துவிடும். பேட்டரியின் நெகட்டிவ் வயர் சேசிஸில் சேரும் இடத்தில் துரு ஏறியிருந்தாலும் இதே சங்கடம்தான். வெளியே பார்க்க வயர் ஒழுங்காகவே தெரியும். சிலருக்குப் பகலில் நன்றாக ஏறும், இரவில் நிறுத்திவைத்தால் காலையில் காலி. சாவியைத் தாண்டி நேராகப் பேட்டரியிலிருந்து இழுத்த கூடுதல் விளக்கோ செல்போன் சார்ஜரோ ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாக உறிஞ்சிக்கொண்டிருக்கும். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி "சார்ஜ் வருதா" என்று பார்க்கும் பழைய வித்தையை இன்றைய வண்டியில் செய்யாதீர்கள். மின்னழுத்தம் ஒரு நொடியில் எகிறி, விலை உயர்ந்த பெட்டிகளை எரித்துவிடும்.

இதே மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1977 மார்ச் 10-ஆம் தேதி யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் என்று உலகில் பல இடங்களில் காத்திருந்தார்கள். காவலூரிலும் ஒரு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிரகம் மறைப்பதற்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி சட்டென்று குறைந்து மீண்டது. அதை ஒளியளவிக் கருவி பதிந்துவைத்தது. பலரும் பதிந்த அப்படிப்பட்ட குறைவுகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தபோதுதான் யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகத்துக்குத் தெரிந்தது. மேகம் மறைத்திருக்கும் என்று யாராவது கையை உதறியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். மலைக்காரப் பிள்ளைகளுக்கு நான் இதை அடிக்கடி சொல்வதுண்டு. ஒளி குறைந்தால் பல்பைத் திட்டுவது சுலபம். அளந்து பார்ப்பவன்தான் காரணத்தை அடைகிறான்.

மனிதர்களிடமும் நாம் பார்வையாலேயே தீர்ப்புச் சொல்கிறோம். சந்தையில் எனக்குப் பழக்கமான ஒரு கடைக்காரர், "வேலைக்கு வர்ற பசங்க ஒருத்தனும் உருப்படியா அமையல, அண்ணே," என்று புலம்புவார். ஆளை மாற்றுவார். புது ஆள் சில வாரம் பம்பரமாகச் சுற்றுவான். பிறகு அவனும் சோர்ந்து எரிந்து விழுவான். ஒருநாள் அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். விடியற்காலையில் வரும் பையன் மூன்று மணிக்குத்தான் முதல் சோற்றைப் பார்க்கிறான். சம்பளத்துக்குத் தேதி என்று ஒன்று கிடையாது. எத்தனை பேரை மாற்றினால் என்ன? நான் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் பிற்பாடு சாப்பாட்டு நேரத்தை மாற்றினார். அதன் பிறகு வந்த பையன் இன்றும் அங்கேதான் இருக்கிறான். மதிப்பெண் குறைந்த பிள்ளையை, வந்த வீட்டில் வாடிய மருமகளை, திடீரென்று பேச்சுக் குறைந்த கிழவரை நாம் இப்படித்தான் 'போயிடுச்சி' கணக்கில் எழுதிவிடுகிறோம். மனிதரை அளக்க மீட்டர் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேட்க வாய் இருக்கிறது. "ராத்திரி தூங்கினியா? என்ன சாப்பிட்டே?" என்ற இரண்டு கேள்விகள் பல வீடுகளில் கேட்கப்படுவதேயில்லை.

இதையே மறுபக்கம் இழுத்து, எல்லாப் பழியையும் சூழ்நிலையின் மேல் போடுவதும் சோம்பேறித்தனம்தான். பேட்டரிக்கும் ஆயுள் உண்டு. சார்ஜ் சரியாக 14 வோல்ட் ஏறுகிறது, வயரெல்லாம் சுத்தம், இருந்தும் செல்ஃப் அடிக்கும்போது 9-க்குக் கீழே சரிகிறது என்றால், குற்றம் பேட்டரியுடையதுதான். அப்போது தயங்காமல் மாற்றுங்கள். பழையதைக் கடையிலேயே கொடுத்து அதற்குரிய விலையைக் கழித்துக்கொள்ளுங்கள். உடைத்து ஆசிட்டை ஓடையில் ஊற்றுவது மண்ணுக்குச் செய்யும் துரோகம்.

பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று எஞ்சினை நிறுத்திவிட்டு மலையிறங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எஞ்சின் நின்றால் சார்ஜ் ஒரு துளிகூட இல்லை. புது வண்டிகளில் முகப்பு விளக்கே அணைந்துவிடும். எஞ்சின் பிடிக்காத பாரம் முழுக்கப் பிரேக்கில் விழுந்து, பிரேக் சூடேறிப் பிடி விட்டுவிடும். கியரில் போட்டே இறங்குங்கள்.

மல்டிமீட்டர் இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஊருக்கு ஒன்று இருந்தால் போதும். பள்ளிப் பிள்ளைகூட ஒரே நாளில் கற்றுக்கொள்ளும். அதுவும் கைக்கு எட்டாதவர்கள், புது பேட்டரிக்குப் பணத்தை எண்ணுவதற்கு முன் கடைக்காரரிடம் "எஞ்சின் ஓடும்போது எத்தனை வோல்ட் வருது?" என்று மட்டும் கேளுங்கள். எண்ணில் பதில் வராவிட்டால், தள்ளிக்கொண்டாவது வண்டியை அடுத்த கடைக்குக் கொண்டுபோங்கள்.