நிற்கும் நாளின் செலவு

லாரிக்கு ஒரு நோட்டு, வீட்டுக்கு ஒரு நோட்டு. இரண்டும் கலக்கவே கூடாது. சொந்த வண்டி வைத்துத் தானே ஓட்டி, பைனான்சுக்கு டியூ கட்டுகிற யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். வாடகைப் பணம் கைக்கு வரும்போது பெரிய தொகையாகத் தெரியும். அதற்குள் டீசல் இருக்கிறது, சுங்கம் இருக்கிறது, டயர் தேய்மானம் இருக்கிறது, அடுத்த வருஷத்து இன்சூரன்ஸ் இருக்கிறது. வீட்டுக்கென்று அதில் இருப்பது என் பேட்டா மட்டும். அதையும் வண்டி எனக்குக் கொடுக்கிற கூலியாக எழுதித்தான் எடுக்கிறேன். டீசல் காசில் மளிகை வாங்கிய வீடுகளில்தான் வண்டியைப் பைனான்ஸ்காரர்கள் இழுத்துக்கொண்டு போகிறார்கள். எங்கள் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இதைப் பார்த்துப் பழகிவிட்டது. பழகியிருக்கக் கூடாது.

*

சாலையில் மாதம் என்று ஒன்று இல்லை, நடைதான் உண்டு. அதனால் நோட்டில் நடைக்கு ஒரு பக்கம். எங்கே ஏற்றியது, எங்கே இறக்கியது, கிலோமீட்டர், முன்பணம், டீசல், சுங்கம், ஏற்றுகூலி, இறக்குகூலி, புக்கிங் ஆபீஸ் கமிஷன், பேட்டா, பாக்கி. கடைசி வரியை மட்டும் சிவப்பு மையில் எழுதுகிறேன். சரக்கு இறங்கியதற்குக் கையெழுத்து வாங்கிய ரசீதைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் பாக்கி வாடகை வரும். கொடுத்த அன்றே வந்துவிடும் என்றும் இல்லை. மாதக் கடைசியில் கூட்டும்போது அந்தச் சிவப்பு வரிகளை வரவில் சேர்ப்பதில்லை. வராத பணம் வரவாகாது.

*

இந்த வேலையில் பெரிய செலவு எது என்று கேட்டால் எல்லோரும் டீசல் என்பார்கள். ஓடுகிற நாளில் டீசல்தான். ஆனால் கடனில் இருப்பவனைக் கவிழ்ப்பது ஓடுகிற நாள் அல்ல, நிற்கிற நாள்.

ஒரு கணக்கு. மாத டியூ 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 1,000. 12 டன்னுக்கு மேல் 20 டன் வரை மொத்த எடை உள்ள சரக்கு வண்டிக்கு, 2022 ஜூனில் வந்த விகிதப்படி, மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் மட்டும் 35,313 ரூபாய். வரி சேர்க்காமலே நாளுக்கு 97. அதன் மேல் சாலை வரி, பர்மிட், எஃப்.சி. செலவு. சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்கு முன்பே 1,100 ரூபாய் போய்விட்டது. லோடு இல்லாமல் புக்கிங் ஆபீஸ் வாசலில் நிற்கிற நாளிலும், சரக்கை இறக்க ஆள் இல்லை என்று காத்திருக்கிற நாளிலும் இந்தப் பணம் போய்க்கொண்டேதான் இருக்கிறது. கையை விட்டுக் காசு போவது கண்ணுக்குத் தெரியாததால் யாரும் எழுதுவதில்லை.

நான் எழுதுகிறேன். நின்ற நாளுக்கும் ஒரு பக்கம்: தேதி, நின்ற இடம், காரணம், தொகை. அதை எழுத ஆரம்பித்த பிறகுதான் காத்திருக்க வைத்ததற்கான ஹால்டிங் பணம் கேட்க வாய் வந்தது. முன்பு கெஞ்சுகிற மாதிரி இருந்தது. இப்போது நோட்டைத் திறந்து, இதுதான் எனக்கு ஆகிற செலவு என்று காட்டிவிட்டுக் கேட்கிறேன். எல்லா இடத்திலும் கிடைத்துவிடுவதில்லை. கேட்பதை நிறுத்தவில்லை.

*

சுங்கத்திலும் இதே கதை. ஆம்பூரில் ஷூ அட்டைப்பெட்டிகளை ஏற்றி மாதவரம், மணலிப் பக்கத்துச் சரக்குப் பெட்டக நிலையத்துக்குப் போனால் வழியில் பள்ளிகொண்டா, வாலாஜா அருகே சென்னசமுத்திரம், ஸ்ரீபெரும்புதூர் அருகே நெமிலி. 24 மணி நேரத்துக்குள் அதே சாவடி வழியாகத் திரும்பினால் போக வர ஒன்றரை மடங்கு கட்டணம்தான். நேரம் தாண்டினால் முழு இரண்டு மடங்கு. பட்டணத்துக்குள் கனரக வண்டிக்குப் பகலில் கட்டுப்பாடு. இரவில் நுழைந்து, காலையில் வரிசையில் நின்று, மாலையில் இறக்கி, திரும்ப லோடு தேடிப் புறப்படும்போது அந்த 24 மணி நேரம் பெரும்பாலும் முடிந்திருக்கும். அடுத்தவருடைய தாமதத்துக்குச் சுங்கச் சாவடியில் நான் பணம் கட்டுகிறேன்.

2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயமானதிலிருந்து இந்தப் பணம் கையில் எண்ணிக் கொடுக்காமலே போகிறது. குறுஞ்செய்தி வந்ததும், அடுத்து வண்டியை ஓரங்கட்டுகிற இடத்தில் நோட்டில் ஏற்றிவிட வேண்டும். ஏப்ரலிலும் செப்டம்பரிலும் கட்டணம் கூடுகிற சாவடிகள் எவை என்று கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன். வாடகை பேசும்போது அந்தப் பக்கம் உதவும்.

*

டீசலை ரூபாயில் எழுதினால் போதாது, லிட்டரிலும் எழுத வேண்டும். டேங்கை நிரப்பி மறுபடி நிரப்புவதற்குள் ஓடிய தூரம். சென்னைக்குப் போய் வர 370 கிலோமீட்டர் என்றால், லிட்டருக்கு 5 கொடுக்கிற வண்டிக்கு 74 லிட்டர். அதே வண்டி 4.5-க்கு இறங்கினால் 82. ஒரு நடையில் 8 லிட்டர். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கிற காலத்தில் 700 ரூபாய்க்கும் அதிகம். காற்று குறைந்த டயர், அடைத்த பில்டர், பிடித்துக்கொண்டே ஓடுகிற பிரேக், காரணம் எதுவாகவும் இருக்கலாம். நோட்டு முதலில் சொல்லிவிடும், மெக்கானிக் பிறகு.

டீயைக் குறை, வடையைக் குறை என்று புத்தி சொல்பவர்கள் இந்த 700 ரூபாயைப் பார்ப்பதில்லை. ஒரு வாரம் குடிக்கிற டீ அவ்வளவு ஆகாது.

*

ஈரோட்டிலிருந்து உப்புத்தோல். வாடகை கொஞ்சம் கூடுதல். ஆனால் உப்புத் தண்ணீர் வழிந்து தளத்தை அரிக்கும். இறக்கிய அன்றே நன்றாகக் கழுவியாக வேண்டும். கழுவுகிற கூலி, கழுவ நிற்கிற அரை நாள், வாசம் போகும்வரை அட்டைப்பெட்டி லோடு யாரும் தராதது, மூன்றையும் கழித்துவிட்டுத்தான் அந்த வாடகையைப் பார்க்க வேண்டும். பக்ரீத் முடிந்ததும் தோல் மண்டிகளில் வரத்து கூடும். அந்த நாட்களில் நிற்காமல் ஓடுவதால் மட்டும் இது கட்டுப்படியாகிறது.

*

பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் தோன்றுவது. தோல் லாபகரமான தொழில் என்று இந்த ஊர்களில் நெடுங்காலம் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கில் கிணறும் நிலமும் இல்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்புச் சொன்னபோது, மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்றது. தோல் பதனிடும் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. 2025 ஜனவரி 30 அன்றும் அதே நீதிமன்றம் அதே ஆற்றைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. எழுதாமல் விட்ட செலவு எங்கேயும் போய்விடவில்லை. ஆற்றோரத்து விவசாயி கட்டிக்கொண்டிருந்தார், இன்னும் கட்டுகிறார். இந்தத் தோலை ஏற்றித்தான் நானும் பிழைக்கிறேன். அதனால் இதை என் நோட்டிலும் எழுதி வைக்கிறேன்.

*

வீட்டு நோட்டு என் மனைவியுடையது. ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறாள். காலையில் கம்பெனி பஸ், மற்ற போக்குவரத்துக்கு 2021 மே முதல் பெண்களுக்கு இலவசமான சாதாரண டவுன் பஸ். சம்பளத்தில் பி.எஃப். போகிறது, ஈ.எஸ்.ஐ.-க்கு 0.75 சதவீதம் போகிறது. “இந்தப் பிடித்தம் இல்லன்னா கையில நிறைய வருமேங்க” என்று பக்கத்து மெஷின் பெண்கள் சொல்வதாக ஒரு நாள் சொன்னாள். பி.எஃப். பற்றி வாதாடலாம். ஈ.எஸ்.ஐ.-யைத் தொடக் கூடாது. எனக்குத் தெரிந்த குடும்பங்கள் தண்டல்காரரிடம் முதல் முறை போனதெல்லாம் ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தான்.

தண்டல் கணக்கை ஒரு முறை உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். 10,000 என்று எழுதி 9,000 கையில் தருவார்கள். நாளுக்கு 100 வீதம் 100 நாள். ஆயிரம் ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. அதையும் சேர்த்துப் பார்த்தால் ஆண்டுக்கு 75 சதவீதத்துக்கு மேல் வருகிறது.

பைனான்ஸ் கம்பெனி வட்டியிலும் இப்படி ஒன்று உண்டு. 5 லட்சம் கடன், பிளாட் 10 சதவீதம், 4 வருஷம். வட்டி 2 லட்சம், மொத்தம் 7 லட்சம், மாதம் 14,583. குறைந்து வருகிற அசலுக்குக் கணக்குப் போட்டால் அது 10 அல்ல, 17 சதவீதத்துக்கு மேல். 2024 அக்டோபர் 1 முதல் தருகிற கடன்களுக்கு, எல்லாக் கட்டணமும் சேர்ந்த உண்மையான ஆண்டு விகிதத்தைக் கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் ஒரு தாளில் எழுதித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. கையெழுத்துக்கு முன் அந்தத் தாளைக் கேளுங்கள். தமிழில் கேளுங்கள்.

*

டியூ தேதி 5. சம்பளச் சட்டப்படி மாதச் சம்பளம் 7-ஆம் தேதிக்குள். 5-ஆம் தேதி கணக்கில் பணம் இல்லையென்றால் பாங்க் ஒரு பக்கம் அபராதம் பிடிக்கிறது, பைனான்ஸ் இன்னொரு பக்கம். வருமானம் குறையவில்லை, செலவு கூடவில்லை, நடுவில் இருக்கிற ஓரிரு நாளுக்குத் தண்டம் கட்டுகிறோம். பைனான்ஸ் கம்பெனியில் எழுதிக் கொடுத்து டியூ தேதியை 12-க்கு மாற்ற முடிந்தால் அதுவே பெரிய சேமிப்பு. ஒப்புக்கொள்ளாவிட்டால் ஒரு டியூ அளவு பணத்தை எப்போதும் அந்தக் கணக்கிலேயே விட்டு வைப்பதைத் தவிர வழியில்லை. எங்களுக்கு அந்தத் தொகையைச் சேர்ப்பதுதான் இருப்பதிலேயே கடினமாக இருந்தது. தாமதக் கட்டணத்தை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது என்று 2024 முதல் விதி இருக்கிறது. மாதா மாதம் ஸ்டேட்மென்ட் வாங்கிப் பார்ப்பது நல்லது.

*

கொரோனா காலத்தில், 2020 மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை ஆறு மாதம் தவணையைத் தள்ளிப்போட அனுமதித்தார்கள். வண்டிகள் பாலாற்றங்கரை ஓரத்தில் வரிசையாக நின்றன. நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஆறு மாதமும் வட்டி நிற்கவில்லை, தவணைகள் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டன. அடுத்த முறை யாராவது அவகாசம் தந்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி: முடிவில் மொத்தம் எவ்வளவு கூடும்?

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரியை 50 சதவீதம் ஆக்கியபோதும் நடுங்கினோம். அவளுக்கு ஓவர்டைம் இல்லை, எனக்கு லோடு இல்லை. ஒரே தொழிலை நம்பி இரண்டு வருமானம். கையில் இரண்டு நோட்டு இருந்தும் இதை அன்றுதான் சேர்த்துப் பார்த்தோம். அதற்குப் பிறகு ராணிப்பேட்டை, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தோல் அல்லாத லோடு தருகிற புக்கிங் ஆபீஸ்களிலும் நம்பர் கொடுத்து வைத்திருக்கிறேன்.

*

வேலூரில் லோடுக்குக் காத்திருக்கும்போது சி.எம்.சி. எதிரே டீ. சுற்றிலும் லாட்ஜ்கள், வங்காளத்தில் பெயர்ப்பலகைகள். வைத்தியத்துக்கு வந்த வங்காளக் குடும்பங்கள் அறையிலேயே அடுப்பு வைத்துச் சமைத்துக்கொண்டு வாரக்கணக்கில் தங்குகிறார்கள். ஒரு நடுவயது அம்மா படிக்கட்டில் உட்கார்ந்து சின்ன நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். எழுத்து எனக்குப் புரியாது. எண்கள் புரிந்தன. ஊரில் எதை விற்று, யாரிடம் வாங்கி வந்தாரோ. அவருக்கும் ஒவ்வொரு நாளும் நிற்கிற நாள்தான்.

*

குறைக்கக் கூடாத செலவு: உறக்கம். இரவில் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள பார்க்கிங்கில் காசு கொடுத்து நிறுத்தலாம். வேண்டும் என்றால் குளிக்கவும் காசு கொடுக்கலாம். சாப்பாட்டுக்கு வண்டியோரம் ஸ்டவ் இருக்கிறது. சோறு, ரசம், கருவாடு, வண்டியில் கூட வருகிற தம்பி நன்றாகவே சமைப்பான். டியூ நெருங்குகிறதே என்று கண்ணைத் தேய்த்துக்கொண்டு ஓட்டியவர்கள் எங்கே முடிந்தார்கள் என்பது இந்த நெடுஞ்சாலையில் எல்லோருக்கும் தெரியும்.

*

கடைசி டியூவோடு வேலை முடிவதில்லை. தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், கம்பெனி கையெழுத்திட்ட படிவம் 35 வாங்க வேண்டும், இரண்டையும் கொடுத்து ஆர்.சி.-யில் பைனான்ஸ் பெயரை எடுக்க வேண்டும். சும்மா விட்டுவிட்டால் வண்டியை விற்கும்போது மறுபடி அலைச்சல்.

எங்கள் டியூ முடிகிறது; அடுத்த மாதத்திலிருந்து டியூவுக்குப் போன தொகையில் பாதி டயருக்கு. ஆறு டயர், ஒன்று 20,000 என்று வைத்தால் 1,20,000. 60,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 2 ரூபாய். சென்னை போய் வந்தால் 740. மீதிப் பாதியை அவள் நோட்டுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். பெரிய மகளுக்கு ஜூனில் காலேஜ் பீஸ்.